நார்வேயிலிருந்து ஏழு கடிதங்கள்

மலைப்பாதையில் எனக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் படக்குழு ஜீப்பில் முன் சீட்டு எப்போதும் எனக்குத்தான். இயக்குநர் இங்க்ரிட் பின்னால் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவு எளிமையான மனுஷி, எஸ்.ஐ. மேடம்.

படம் ஒரு நார்வே குடும்பத்தின் கதை. செத்துப்போன அப்பாவின் வீட்டை விற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் இரண்டு மணி நேரம் சூப் குடித்தபடி பேசாமலே சண்டை போடுவார்கள். எல்லோரும் வெள்ளையாக இருந்தால் இந்தக் காலத்தில் மரியாதையாக இருக்காது என்று கடைசி மகளைத் தத்துப்பிள்ளை ஆக்கினார்கள். பெற்றவளைத் தேடி அவள் நம் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். அந்த மகளாக நடித்தவள் கொலம்பியாவில் பிறந்தவள். நிறம் ஒத்துப்போனது, மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

தாய் மட்டும் அசலாக வேண்டும் என்றார் இங்க்ரிட். நான் நகரத்தில் சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த தமிழன், குழுவின் மொழிபெயர்ப்பாளன். போனக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் முத்தாரம்மாளைக் கண்டுபிடித்தேன். கொழுந்து கிள்ளுகிறவர். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், புருஷன் போன கையோடு, கைக்குழந்தையை நகரத்தில் ஓர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தவர். இதைவிட அசல் எங்கே கிடைக்கும்?

ஆனால் அவருக்கு அழுகை வரவில்லை. மைக்கைக் காட்டி, “சாரே, அந்த வெள்ளக்காரன் ஒட்டடக் கம்ப வச்சுட்டு என்னெ எதுக்கு வெரட்டுறான்?” என்று சிரித்தார். ஒன்பது முறை எடுத்தோம். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. செடிகளுக்கு நடுவே அழைத்துப்போய், “இது நடிப்பில்ல முத்தாரம்மா. வந்திருக்கிறது உங்க மகதான்” என்றேன்.

அதன்பிறகு இங்க்ரிட் கேமராவை நிறுத்தவே இல்லை.

நகரத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டி படத்தைத் திரையிட்டு, பிரதிநிதித்துவம் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. மேடையில் ஐந்து பேர். முத்தாரம்மாளை அழைக்கவில்லை, ஆறாவது நாற்காலிக்கு இடமில்லை.

அவர் எனக்கு போன் செய்ய ஆரம்பித்தார். “மூக்கு அப்படியே அவ அப்பன் மூக்கு சாரே. கல்யாணம் கழிஞ்சதா? அங்கத்த தணுப்புக்கு சொட்டர் உண்டா?” மனது கேட்கவில்லை. மகள் எழுதியதுபோலத் தமிழில் கடிதம் எழுதினேன். ஒன்று இரண்டாகி, ஏழாயிற்று. பக்கத்து வீட்டு மாடம்மாள் வாசித்துக் காட்டுவார். கையெழுத்து என்னுடையதா என்று கேட்டீர்கள். என்னுடையதுதான்.

ஜூனில், மழைக்கு மண் சரியும் என்று மேலே இருக்கும் லய வீடுகளைக் காலிசெய்யச் சொல்லி வில்லேஜ் ஆபீசிலிருந்து வந்தார்களாம். மாடம்மாள் கீழே விதுரைக்கு இறங்கத் தயாரானார். முத்தாரம்மாள் என்னைக் கூப்பிட்டார். “எறங்கச் சொல்றாங்க சாரே. பிள்ள வந்தா எங்கன்னு தேடும்? அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க.”

இங்க்ரிட் இரண்டாம் படத்துக்கு வருவதாக இருந்தது. அதே தாய், அதே வீடு வேண்டும் என்றிருந்தார். வீடு மாறினால் காட்சி ஒட்டாது. ஆகவே ஏழாவது கடிதத்தில் எழுதினேன்: “அம்மா, சித்திரையில் வருகிறேன். எனக்குத் தெரிந்தது இந்த வீடு மட்டும்தான். யார் சொன்னாலும் இறங்கிப் போய்விடாதீர்கள்.”

அதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மாடம்மாள் இறங்கினாராம். உங்கள் முன்னால் நின்று, “நான் வாசிக்காம இருந்திருக்கலாம் மேடம்” என்று அழுததாகச் சொன்னீர்கள். அதிகம் படிப்பில்லாதவர்கள் இப்படித்தான், தேவையில்லாததற்கெல்லாம் தங்களையே நொந்துகொள்வார்கள்.

ஆகஸ்டில் மண் சரிந்தது. அவரைத் தோண்டி எடுக்க இரண்டு நாளானது.

முதல் படத்தில் அவர் மகளைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் அழித்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். எனக்கு அது உறுத்தலாக இருந்தது. இரண்டாவதில் அவருக்கென்று நாலு வரி வசனம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அந்த ஜனங்களுக்காக வேறு யார் இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.