பூட்டுக்கு ரெண்டு குரல்

அக்கா: ...அப்போ எவளோ ஒருத்தி, நாம பேரைப் பதிஞ்சு வச்சிருக்கிற கம்பெனிக்குப் போன் பண்ணி, நான்தான் ஓனர்னு சொன்னா, நம்ம வெப்சைட் பேரைத் தூக்கிக் குடுத்துருவாங்களா?

தம்பி: குடுக்கத்தான் பார்த்தாங்க. நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு.

அக்கா: பாவிங்க! குடைன்னாலே சனம் அந்தப் பேரைத்தான்டா தட்டுது. அது போச்சுன்னா என் தையல் மெஷின் தூசி படிஞ்சு கிடக்கும்.

தம்பி: அதான் பேரைப் பதியற வேற ரெஜிஸ்ட்ரார் கம்பெனிக்கு மாத்திடலாங்கறேன். சரி, பாஸ்வேர்டு மறந்துட்டா எந்த மெயிலுக்கு வரும்?

அக்கா: நம்ம கடை மெயிலுக்கு.

தம்பி: அந்த மெயிலே இந்தப் பேர்லதானே ஓடுது! பேர் போனா மெயிலும் போச்சு. சாவியை உள்ள வச்சுட்டுக் கதவைச் சாத்தின மாதிரி.

அக்கா: அப்படி வச்சுக்குடுத்த மகராசன் யாரு?

தம்பி: ...நான்தான். அதை விடு. அந்த நீலக் குடை யாருக்கு? ரெண்டு நாளா அதையே தச்சுக்கிட்டு இருக்கே.

அக்கா: ஒரு கஸ்டமருக்கு. பேச்சை மாத்தாம விஷயத்துக்கு வா.

தம்பி: ரெண்டு கம்பெனி பார்த்தேன். ஒண்ணு சுலபம். போன்ல வர்ற நம்பரைப் போட்டா வேலை முடிஞ்சுது. இன்னொண்ணு ரொம்பக் கெடுபிடி. பேரைப் பூட்டி வச்சிருவாங்க. அதைத் தொடணும்னா ரெண்டு பேருக்குப் போன் போட்டு, ரெண்டு பேரும் சரின்னு வாயால சொல்லணும்.

அக்கா: ரெண்டாவது.

தம்பி: யோசிக்கவே இல்லையே! அவசரத்துக்கு ஒருத்தர் கிடைக்கலைன்னா?

அக்கா: கிடைக்கணும்.

தம்பி: முதலாவதா இருந்தா நீயே தனியா பார்த்துக்கலாம்க்கா... இங்க பாரு, இதை அமுக்கினா...

அக்கா: ஒரு வாரமா அதைத்தான் அமுக்கச் சொல்றே. ரெண்டாவதைத் திற... ம், இன்னொரு ஆளோட நம்பர் கேக்குது.

தம்பி: மாமா நம்பரைக் குடு.

அக்கா: உங்க மாமா போனுக்குச் சார்ஜ் போட்டாத்தானே அடிக்கும்! உன் நம்பரைப் போடறேன்.

தம்பி: அக்கா... என் நம்பர் மாறினாலும் மாறும்...

அக்கா: மாறினா புதுசைச் சொல்லு.

தம்பி: ...உனக்குத் தெரியுமா? வெளியூர்ல வேலை கிடைச்சதை நான் யார்கிட்டயும் சொல்லலையே!

அக்கா: சொல்லணுமா? கம்ப்யூட்டர்கிட்டயே என்னை அண்டவிடாதவன், ஒரு வாரமா நாற்காலி போட்டு உக்காரவச்சுப் பாடம் நடத்தறே... போடா, சந்தோஷமாப் போ. அந்த நீலக் குடை உன் பெட்டிக்குள்ள அடங்குதான்னு வச்சுப் பாரு. போன் அடிச்சா மட்டும் எடுத்துரு, உன் குரல் இல்லாம இனிமே பூட்டு திறக்காது.