ஐசக் கேட்டு அணைத்த விளக்குகள்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ரைஸ்மில் உரிமையாளர் பெரியவர் தாண்டவராயன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வியாபாரிகள் சங்கத்து நண்பர்களே, களையெடுப்பு முடித்த கையோடு மானாம்பதியிலிருந்து நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஐசக்கின் மனைவி, எனக்குத் தங்கை போன்ற மங்கம்மா அவர்களே, உத்திரமேரூர்ப் பெருமக்களே! உங்கள் எல்லாருக்கும் ஜவுளிக்கடை சனாவுல்லாவின் வணக்கம்.

நோட்டீசில் 'வானியல் வித்தகர் ஐசக் மறைவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யார் கொடுத்த பட்டம் ஐயா இது? உயிரோடு இருந்தபோது ஒருத்தராவது அவரை அப்படிக் கூப்பிட்டோமா? நமக்கு அவர் ஒயர்மேன் ஐசக். காக்கி டிரவுசர், இடுப்பில் கட்டிங் பிளேயர், தோளில் மூங்கில் ஏணி. காமாலை கண்டு, போன மாதம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாரே, அந்த ஐசக். நான் அவரைப் பற்றித்தான் பேச வந்தேன். வித்தகரை எனக்குத் தெரியாது.

நம் ஊருக்குக் கரண்டு வந்தபோது கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்தவர் அவர். வீடு வீடாக வெளிச்சம் கொண்டுவந்து கொடுத்த அதே மனிதர், அமாவாசைக்கு அமாவாசை கடை கடையாக வந்து நின்று, கொஞ்ச நேரம் விளக்கை அணைத்து வைக்கச் சொல்லிக் கேட்பார்! இந்த வேடிக்கை வேறெந்த ஊரில் நடக்கும்?

சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களோடு கிடந்த பித்தளைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி வந்தார். 'ஐசக் குழாய்' என்று நாம் பெயர் வைத்தோம். பொழுது சாய்ந்ததும் இதே சந்தைத் திடலில் அதை முக்காலியில் நிறுத்தி, மைக் இல்லாமல், வானத்தைப் பற்றிப் பேசுவார். அது என்ன பேச்சு! இதோ நான் பேசுகிறேனே, இப்படித் தொண்டை கிழியாது. பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் சொல்வதுபோல, "வியாழனுக்கு நம்ம மாதிரி ஒரே ஒரு நெலா இல்லீங்க, குழாயில பாத்தாவே நாலு கீது" என்பார். நாம் வரிசையில் நின்று பார்ப்போம்.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். ஒருமுறை ரஷ்யாக்காரன் விட்ட செயற்கைக்கோள் தெரியும் என்று ஊரையே கூட்டிவிட்டார். கழுத்து வலித்ததுதான் மிச்சம், ஒன்றும் வரவில்லை. மேகத்தின்மேல் பழி போட்டிருக்கலாம். போட்டாரா? "தப்பு என்னுதுங்க. கணக்குல கோட்டை வுட்டுட்டேன்" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டு, வந்ததுக்குக் கார்த்திகை மீன்களையாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அடுத்த அமாவாசைக்கு இன்னும் அதிகமாகக் கூட்டம் வந்தது.

முதலில் வந்தவர் முதலில் பார்க்கலாம், வரிசை ஒன்றுதான். அது அவர் சட்டம். மானாம்பதிக் காலனி ஆட்களுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துவிடேன் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் காலனியில் பிறந்தவரிடமே சொன்னார்கள்! அவர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "அமாவாச மாசத்துக்கு ஒண்ணுதானே சாமி வருது?" என்றார். வரிசை ஒன்றாகவே நின்றது.

அந்த வரிசையில் பாரபட்சம் ஒன்றே ஒன்று. வீட்டு ஆட்கள் கடைசியில்தான் பார்க்க வேண்டும். தங்கை மங்கம்மா இருட்டில் வரிசையை ஒழுங்குபண்ணும், அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொள்ளும். அதன் முறை வரும்போது ஒன்று மேகம் மூடிவிடும், இல்லாவிட்டால் கிரகம் பனைமரத்துக்குப் பின்னால் போய்விடும். நீ பார்த்தாயா அம்மா என்று ஒருநாள் கேட்டேன். "அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம் பாய், எங்க பூடப் போவுது" என்று சிரித்தது.

இனி என் கதை. பஜாரில் முதல் டியூப்லைட் போட்ட கடை என்னுடையது. மாட்டியவரே ஐசக்தான். வெளிச்சம் இல்லாவிட்டால் சேலைக்கரை எப்படித் தெரியும்? ஆகவே அவர் கேட்கும்போதெல்லாம் முடியாது என்றேன். வியாபாரி அப்படித்தான் சொல்வான், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. அவரும் சரி பாய் என்று போய்விடுவார். அடுத்த மாதம் மறுபடியும் வந்து நிற்பார்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை அமாவாசையை மறந்திருக்க மாட்டீர்கள். எட்டுக் கிரகம் ஒன்றுகூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரே பேஜாராகிக் கிடந்தது. இருக்கிற கோழியை எல்லாம் அடித்துத் தின்று தீர்த்தவர்கள் உண்டு. இருட்டவே கூடாது என்று இருக்கிற விளக்கை எல்லாம் ஏற்றி வைத்தோம். அன்றைக்குப் பார்த்து இந்த மனிதர் என் கடை வாசலில் வந்து நிற்கிறார், விளக்கை அணையுங்கள் என்று! எனக்கு வந்ததே ஆத்திரம்! ஏனப்பா, கம்பத்துப் பீஸ்கட்டை உன் கையில்தானே இருக்கிறது, பிடுங்கிவிட்டுப் போயேன், என் உயிரை ஏன் வாங்குகிறாய் என்று கத்தினேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நான் புடுங்கினா, கரண்டு பூட்ச்சுன்னு என்னத் திட்டிக்கினு வூட்டுக்குள்ளயே குந்திக்கினு இருப்பீங்க பாய். நீங்களா அணைச்சா, இன்னாதான் காட்றான் பாக்கலாம்னு வெளிய வருவீங்க. அந்த எட்டும் சூரியனோடயே எறங்கிப் பூட்ச்சு. பயந்துக்கினு கீற ஜனம் வந்து பாக்கட்டும்."

அணைத்தேன். என்னைப் பார்த்து எதிர்க்கடை அணைத்தது. பயத்தில் நடுங்கிய என் மனைவி ஹமீதாவைக் கூட்டிக்கொண்டு திடலுக்கு வந்தேன். அன்றைக்கு வானத்தில் ஒரு கிரகம்கூட இல்லை. அத்தனையும் நட்சத்திரம். இருட்டில் யார் பக்கத்தில் யார் நின்றோம் என்று பார்த்தோமா? ஹமீதா பக்கத்தில் இருந்தவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்ப விளக்கு வந்தபோது பார்த்தால், அது மானாம்பதியில் நடவு நடுகிற செங்கேணியின் கை. விளக்கு வந்த பிறகும் இருவரும் கையை விடவில்லை. உலகமும் அழியவில்லை.

அன்பர்களே! போன வாரம் துக்கம் கேட்கப் போனேன். குழாயைத் துணியில் சுற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தது தங்கை. கூரத்திலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாமென்று இருக்கிறதாம். குழாயை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "நட்சத்திரம் இன்னான்னு சொல்றதுக்கு நாலு பேரு வருவாங்க பாய். கடை கடையா ஏறி எறங்கி, வெளக்க அணைங்கன்னு இனிமே யாரு வந்து கேப்பாங்க?" என்றது. அழுதுகொண்டே வீடு வந்தேன்.

அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன், மங்கம்மா. நான் கேட்பேன். அமாவாசைக்கு அமாவாசை, இந்த சனாவுல்லா கடை கடையாக ஏறிக் கேட்பான். முடியாது என்பார்கள். நான் சொல்லாத 'முடியாது'வா? அடுத்த மாதம் மறுபடியும் போய் நிற்பேன்.

இன்று அமாவாசை. மழை விட்டு வானம் பளிச்சென்று இருக்கிறது. என் கடை விளக்கை அணைத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். ஆகவே தலைவர் அவர்களே, முதலில் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் மில் வாசல் விளக்கையும் இந்தப் பந்தல் விளக்கையும் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். நாம் செலுத்தும் மௌன அஞ்சலி அதுவாக இருக்கட்டும். அதோ, தங்கையிடம் ஹமீதா கேட்டு வாங்கி வந்த குழாய் திடலின் ஓரத்தில் நிற்கிறது. ஹமீதாவும் செங்கேணியும் வியாழனை அதில் பிடித்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே வரிசையில் வாருங்கள்.

மங்கம்மா, எழுந்திரும்மா. அது நகர்ந்துவிடுவதற்குள் வா. இன்றைக்கு வீட்டு ஆள் கடைசி இல்லை. நீ பார்த்துவிட்டு, என்ன தெரிகிறதென்று எங்களுக்குச் சொல்லு.