வெட்டாத படம்

— மெதுவா பேசுக்கா. வெளி ரூம்லதான் உக்காந்திருக்காரு. நடுவுல இருக்கறது வெறும் பிளைவுட் கதவு.

— கேட்டா கேக்கட்டும்டா. இத்தனை வருஷமா படம் எடுக்கறேன், ஒரு விநியோகஸ்தர் என் வாசப்படி ஏறினதில்ல. இன்னிக்கு ஒருத்தர் தேடி வந்திருக்காரு, நீ என்னடான்னா சந்தேகப்படறே.

— சந்தேகப்படத்தான் செய்வேன். படம் வேணும்னா படத்தைக் கேக்கட்டும். நீ எடுத்த மொத்தத்தையும் வெட்டாம அப்படியே வேணுமாம். எதுக்கு?

— டிரெய்லருக்கா இருக்கும்.

— நான் எடிட்டர்க்கா, எங்கிட்டயேவா? டிரெய்லருக்கு எவனாவது அந்தச் சாய ஆலை பாய்லர்காரர் பேட்டியை முழுசாக் கேப்பானா? படத்துல அவரை இருட்டுல உக்கார வச்சு, குரலையும் மாத்திட்டோம். வெட்டாததுல முகம் பளிச்சுன்னு தெரியுது.

— தெரியும்டா.

— ஆலை தீப்பிடிச்சப்போ, உள்ள ஆளுங்க இருக்கும்போதே பின் கேட்டைப் பூட்டச் சொன்னது முதலாளி மகன்தான்னு சொல்ற ஒரே ஆள் அவரு. முகத்தைக் காட்ட மாட்டேன்னு அவர் சம்சாரத்துக்கிட்ட சத்தியம் பண்ணது நீ.

— போதும், வாயை மூடு. சார்! உள்ள வாங்க சார். அந்த ஸ்டூல்ல உக்காருங்க, நாற்காலிக்குக் கால் சரியில்ல.

— பரவாயில்ல மேடம், நிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா? கம்பெனிக்கு எதுக்கு ‘மொட்டைமாடி பிலிம்ஸ்’னு பேரு?

— முதல் படத்தை யாரும் வாங்கல சார். எங்க வீட்டு மொட்டைமாடியில பெட்ஷீட்டைத் திரையாக் கட்டி ஓட்டினோம். பாதியில மழை. ஒருத்தரும் எழுந்து போகல, நனைஞ்சுக்கிட்டே பாத்தாங்க. அடுத்த நாளே வேலையை விட்டுட்டுக் கம்பெனி ஆரம்பிச்சுட்டேன்.

— ரெண்டாவது படத்தை ஸ்கூட்டர்ல புரொஜக்டரைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போய்க் காட்டினீங்க. பின்னால தம்பி, தோள்ல திரை.

— அதெல்லாம் எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?

— படத்தை வாங்கறவன் ஆளையும் தெரிஞ்சுக்கணும் இல்லையா? உங்க அம்மாதான் சொன்னாங்க. தம்பி இன்னும் கல்யாண வீடியோதான் வெட்டி ஒட்டறாருன்னு நினைச்சுட்டு இருக்காங்க, பாவம்.

— அம்மாவா? எங்க வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?

— வர்ற வழிதானே தம்பி. தண்ணி குடுத்தாங்க. நல்ல மனுஷி. பட்டப்பகல்னாலும் கதவைத் தாழ் போடாம தனியா உக்காந்திருக்காங்க. எடுத்துச் சொல்லுங்க.

— சார், விஷயத்துக்கு வாங்க.

— எல்லாத் தியேட்டர்லயும் உங்க பேரு பெருசா வரும் மேடம். நீங்க எடுத்தது எல்லாத்தையும் குடுத்துடணும். உங்ககிட்ட ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது.

— வாங்கினப்புறம் ஓட்டுவீங்களா, பூட்டி வைப்பீங்களா?

— தப்பா எடுத்துக்காதீங்க. அது எங்க இஷ்டம்.

— வேண்டாம்க்கா. அனுப்பி வச்சுடு.

— இருடா. எனக்கும் ஆசை இருக்கு சார். என் படத்துக்கு ஜனங்க வரிசையில நிக்கறதை ஒரு தடவையாவது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கணும்னு இருக்கேன். ஆனா இதைக் குடுக்க மாட்டேன். அந்த மனுஷன் என்னை நம்பி வாயைத் திறந்தாரு. அவர் சம்மதம் இல்லாம ஒரு துண்டும் இந்த ரூமை விட்டுப் போகாது.

— நியாயம்தான். அப்போ அவரையே கேட்டுடலாமே. போன் போடுங்க.

— போடாதேக்கா! நம்பரைத் தெரிஞ்சுக்கப் பாக்கறாரு.

— எனக்கு எதுக்குத் தம்பி நம்பர்? ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கறேன், போதுமா?

— போடறேன் சார். முடியாதுன்னு அவர் வாயாலயே சொல்லட்டும், நீங்களும் காதாரக் கேளுங்க. ம், ரிங் போகுது.

— அக்கா.

— இருடா, எடுப்பாரு. இந்நேரம் வீட்லதான் இருப்பாரு.

— அக்கா, போனைக் கீழ வை. மணி இங்கதான் அடிக்குது.

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம், என் சட்டைப் பையிலதான். இனிமே அவர் போன் எடுக்க மாட்டாரு.