பெரியப்பாவின் பேட்டரி

ராத்திரி ஒரு மணி இருக்கும். கடத்தூர் தாண்டி ஏரிக்கரை ரோடு... ஒரு லைட் கிடையாது. சாயங்காலக் காற்றில் கரண்ட் கம்பம் சாய்ந்து ஊரே இருட்டு. நம் வகுப்பு மோனிஷா இருக்கிறாளே, அவள் சித்தி மகன் ஜோஸ்வின் தனியாக வண்டியில் வருகிறான். முன்னால் ஒரு பை. பைக்குள் அவன் பெரியப்பாவின் உயிர்.

சவரிராயன் பெரியப்பாவுக்கு இதயம் பழுதாகிவிட்டது. நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு மோட்டார் வைத்திருந்தார்கள். வயிற்றைத் துளைத்து ஒரு ஒயர் வெளியே வரும்; அந்தப் புண்ணுக்கு தினமும் பெட்டாடின் மருந்து வைத்துக் கட்டு. ஒயர் முனையில் இரண்டு பேட்டரி. கையைப் பிடித்தால் நாடி இருக்காது. அதனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம்... நெஞ்சில் காது வைப்பார்கள். ம்ம்ம் என்று ஓடினால் ஆள் இருக்கிறார்.

"எனக்குள்ள போர்வெல் போட்டுட்டாங்கடா. கரண்ட்ட மட்டும் நிறுத்திராத" என்பார் பெரியப்பா.

அன்றைக்கு அவர் மாட்டியிருந்த பேட்டரிகள் தீர்ந்துகொண்டிருந்தன. மாற்று பேட்டரிகளை சர்ச் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஜோஸ்வின் விரட்டி வருகிறான்.

ஏரி மதகு பக்கம்... வண்டி பின்னால் அமுங்கியது. பெட்டாடின் வாடை. பிடரியை ஒட்டி, ம்ம்ம்...

"கொண்டாந்தியாடா?"

அவன் திரும்பவில்லை.

வீட்டில் அலாரம் கத்திக்கொண்டிருந்தது. பெரியம்மா ராஜமேரி அவர் நெஞ்சில் காது வைத்தபடி, "வூட்டுக்காரருக்கு ஓடுதுடா. மாத்து" என்றார். ஒன்றைக் கழற்றி மாட்டினான். பிறகு இன்னொன்று. அலாரம் நின்றது. பெரியம்மா அப்படியே தூங்கிப்போனார்.

விடிந்ததும் கட்டு மாற்ற நர்ஸ் வந்தார். பெரியப்பாவின் கை மடங்கவில்லை. மரக்கட்டை. முன்ராத்திரியே போய்விட்டார் என்றார்... ஜோஸ்வின் சர்ச்சிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே. உள்ளே மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ்தான் நிறுத்தினார்.

அடக்கம் முடிந்தது. பேட்டரிகளை ஆஸ்பத்திரியில் கொடுத்தாயிற்று.

அன்று ராத்திரி ஜோஸ்வின் போனை முழுசாக சார்ஜ் ஏற்றித் தலைமாட்டில் வைத்தான். காலையில் செத்துக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. போன் மேல் பெட்டாடின் வாடை. பயந்துபோய், அடுத்த ராத்திரி அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் போனில் சார்ஜ் அப்படியே இருந்தது. ஜோஸ்வினால்தான் எழ முடியவில்லை. விரலெல்லாம் ஜில்லென்று... மணிக்கட்டில் நாடியைத் தேடினான். ரொம்ப நேரம் தேடினான்.

இப்போதெல்லாம் இருட்டுவதற்குள் ஒரு போனை முழுசாக ஏற்றி, அவனே ஜன்னலில் வைத்துவிடுகிறான். காலையில் காலி.

இன்றைக்கு அந்தப் பக்கம் மழை. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லையாம்...