மிளகோட முதுகுல முடி இல்ல

இல்ல டாக்டர், இந்த எலி சொறியவே இல்ல. அதத்தான் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். சொறிஞ்சா பூச்சின்னு சொல்லிடலாம். காதுக்குப் பின்னால பொருக்கு தட்டியிருக்கும், முடிய விலக்கினா தவிடு மாதிரி உதிரும். அப்படி ஒண்ணுமே இல்ல. கறுப்புத் துணியில விட்டு சீப்பால வாரிக்கூடப் பாத்துட்டேன், ஒண்ணும் விழல. நீங்க கையுறை போட்டுக்கிட்டே பாருங்க, கழட்டாதீங்க. எனக்கு அதான் பயமே. இது மனுசங்களுக்கு ஒட்டுறதா இல்லையா, அத மட்டும் முதல்ல சொல்லிடுங்க.

எனக்காகக் கேக்கல. எங்க வீட்டுக்காரருக்காகக் கேக்கறேன். கொள்ளிடத்துல தண்ணி திறந்துவிட்டாங்கல்ல, அப்ப ஆத்தோரத் தோப்புல மோட்டார் ரிப்பேருக்குப் போனாரு. இடுப்பளவு தண்ணியில நின்னு வேல பாத்திருக்காரு, கால்ல வேற சிராய்ப்பு. எலிக்காய்ச்சல்னு சொன்னாங்க. கண்ணு மஞ்சளாயி, ஒண்ணுக்கு நின்னுபோயி, ஐசியூவுல போட்டு டயாலிசிஸ் பண்ணி, பொழச்சு வந்ததே பெரிசு. இப்ப வீட்டுலதான் இருக்காரு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடப்பாரு. அவர் லேசா இருமினாக்கூட ஓடிப்போயி நெத்தியத் தொட்டுப் பாக்கறேன்.

தெரியும், ஆஸ்பத்திரியிலயும் அதான் சொன்னாங்க. வெள்ளத்தண்ணியில வந்தது, உங்க கூண்டு எலியால வரலன்னு. எனக்குப் புரியுது. எங்க மாமியாருக்கு யார் புரிய வைக்கிறது? எலிக்காய்ச்சல்ல மகன் சாகக் கிடந்தான், நீ வீட்டுக்குள்ளயே எலி வளக்கறியான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல. வளக்கறது நான் இல்ல, பொண்ணு. கனிஷ்கா, ஏழாவது படிக்கிறா. பாலக்கரையில மன்சூர் பாய் கடையில போன வருசம் வாங்கிக் குடுத்தது. ரெண்டும் பொட்டை. வீட்டுல இருக்கறது வெள்ளை, ரவான்னு பேரு. இது மிளகு. நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தப்போ அந்தப் பிள்ளை இதுங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருந்துச்சு. அதனால தூக்கிப் போடவும் மனசு வரல.

கூண்டு கழுவும்போதுதான் பாத்தேன். முதுகுல ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு முடி இல்ல. அடுத்த வாரம் பக்கத்துலயே இன்னொண்ணு. மாமியாருக்குத் தெரியாம டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு நேரா மன்சூர் பாய்கிட்ட ஓடினேன். வியாதி இல்ல, இது ஒரு ஜாதி எலின்னு அவர் வாயால சொல்லிட மாட்டாரான்னு இருந்துச்சு.

அவர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு டாக்டர். சுருட்டை முடி எலி இருக்காம். அத மீசையப் பாத்தாலே தெரிஞ்சுடுமாம், மீசையும் சேர்ந்து சுருண்டிருக்கும். குட்டியில கம்பளி மாதிரி இருந்துட்டு வளர வளர சுருட்டை குறைஞ்சுபோறதும் உண்டாம். பட்டு மாதிரி பளபளன்னு ஒரு வகை. அப்புறம் பிறவியிலயே முடி மெலிசா, உள்ள இருக்கற ரோஸ் தோலு தெரியற மாதிரி ஒரு வகை. சுத்தமா முடியே இல்லாததும் ஒண்ணு, காட்டினாரு, பாக்கவே பாவமா இருந்துச்சு. எனக்கு அந்த மெலிசு முடிதான் பிடிச்சுக்கிச்சு. பாய், இது அந்த வகைதானேன்னு கேட்டேன். அவர் மிளகத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இல்லம்மா, பிறவி மெலிசுன்னா உடம்பு பூரா ஒண்ணு போல மெலிசா இருக்கும், இங்க பாரு, சுத்திலும் நல்ல அடர்த்தி, நடுவுல மட்டும் மொட்டை, மீசையும் நேரா நீளமா இருக்கு, இது சாதா எலிதான்னுட்டாரு. உடனே டப்பாவ என்கிட்ட குடுத்துட்டுப் போயி கையக் கழுவினாரு. அவர் கை கழுவினதப் பாத்துதான் எனக்கு இன்னும் பயமாயிடுச்சு.

ஆமா, அதையும் சொன்னாரு. கூட இருக்கற எலியே கடிச்சு முடிய மழிச்சுடுமாம், யாரு பெரியவங்கற போட்டியில. சரி, ரவாதான் வில்லின்னு நெனச்சு இத மட்டும் தனியா ஒரு பக்கெட்டுல போட்டேன், மேல வலை கட்டி. தனியா இருக்கும்போதே மூணாவது வழுக்கை வந்துச்சு டாக்டர். தன் முதுகத் தானே எப்படிக் கடிச்சுக்கும்? வாயே எட்டாதே. அப்ப படர்தாமரைன்னு முடிவே பண்ணிட்டேன். அதுதானே மனுசங்களுக்கு ஒட்டும்? அதுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் தட்டத் தனியா வெந்நீர்ல கழுவறேன், அவர் துண்ட யாரும் தொடக்கூடாதுன்னு வச்சிருக்கேன். கனிஷ்காவ அப்பா பக்கத்துல போகாதேன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டா. உனக்குப் பரீட்சை இருக்குல்லன்னு என்னத்தையோ சொன்னேன்.

லைட்ட அணைக்கணுமா? அணைங்க. அந்த ஊதா லைட்டுல தெரியுமா படர்தாமரை? எல்லாம் தெரியாதா, சிலதுதானா. சரி, பாருங்க. எனக்குப் பாக்கப் பயமா இருக்கு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

ஒண்ணும் ஒளிரலையா. நல்லதுதானே? பின்ன ஏன் இவ்வளவு நேரம் லென்ஸ் வச்சுப் பாக்கறீங்க? நானும் பாக்கவா, இதுல கண்ண வச்சா போதுமா. ம். தெரியுது. தோலு சுத்தமாத்தான் இருக்கு. ஆனா முடி இல்லாம இல்லியே டாக்டர், அடியில கட்டை கட்டையா நிக்குதே. அறுத்த வயல் மாதிரி. எல்லாம் ஒரே மட்டமா.

என்ன சொல்றீங்க, கத்தரியா.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். இல்ல, மயக்கமெல்லாம் இல்ல. அப்ப அவ சொன்னது நெஜம்தான்.

கனிஷ்காதான். டாக்டர்கிட்ட கொண்டு போகப் போறேன்னு நேத்து சொன்னப்போ, வேணாம்மா, அதுக்கு ஒண்ணுமில்ல, நான்தான் நகம் வெட்ற டப்பாவுல இருக்கற குட்டிக் கத்தரியால வெட்டினேன்னா. நான் நம்பல. ஏன்னா எங்க மாமியாரு, வியாதி எலின்னா கொள்ளிடக்கரையில கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்னு மிரட்டி வச்சிருந்தாங்க. அதக் காப்பாத்தத்தான் பொய் சொல்றான்னு நெனச்சு, கன்னத்துல அடிக்கவே கை ஓங்கிட்டேன். எதுக்குடி வெட்டினேன்னு கேட்டா, திரும்ப வளருதான்னு பாக்கத்தான்னு சொல்லுது. வெட்டி இவ்வளவு நாளாச்சு, வளரவே இல்லம்மா, ஒரு நூல்கூட வளரலம்மான்னு அழுவுது. எங்கிட்ட அப்படி அழுது நான் பாத்ததே இல்ல.

சொல்றேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. ஐசியூ வாசல்ல, இனிமே எங்க கையில இல்லன்னு டாக்டர் சொன்னாரு பாருங்க, அப்ப மாமியார் என் கையப் பிடிச்சுக்கிட்டு, சமயபுரத்தாளுக்கு ஏதாவது வேண்டிக்கோடின்னாங்க. நான் சட்டுனு, என் பொண்ணு முடியத் தரேன் தாயே, அவரக் குடுத்துடுன்னுட்டேன். என் முடியச் சொல்ல வாய் வரல. என்னது பாதி கொட்டிப்போன முடி, அதப் போய்க் குடுக்கறதான்னு இருந்துச்சு. பெரிசா எதையாவது குடுத்தாத்தான் காது குடுத்துக் கேப்பான்னு தோணுச்சு. மறுநாளே அவருக்கு ஒண்ணுக்கு இறங்க ஆரம்பிச்சுச்சு டாக்டர். நர்ஸ் அந்தப் பையத் தூக்கிக் காட்டினப்போ நான் தரையில விழுந்து கும்பிட்டேன்.

கனிஷ்காவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே முடி மெலிசு. எண்ண, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, எதத் தடவினாலும் அவ்வளவுதான். ஸ்கூல்ல எலிவாலுன்னு கூப்பிடுவாங்க. இந்த ரெண்டு வருசமாத்தான் தோளத் தாண்டி வந்திருக்கு. அதத் தினமும் கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாப்பா. மொட்டை போடணும்னு சொன்னப்போ ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அப்பாவுக்காகத்தானேம்மான்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. எனக்கு நிம்மதியா இருந்துச்சு, பரவாயில்ல, புரிஞ்ச பிள்ளைன்னு. அது உள்ள போயி எலி முதுகுல வெட்டிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. வளரும்னு தெரிஞ்சா தைரியமா வந்து உக்காந்துடலாம்னு. அது வளரல.

மொட்டை போடறதத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். பரீட்சைன்னேன், சளின்னேன். ஆனா ஒவ்வொரு நாளும் பயம். அவருக்குக் கால் வீங்கினா, வேண்டுதல் பாக்கி, அதான்னு தோணும். சாப்பாடு இறங்கலன்னா அதான்னு தோணும். மாமியார் வாயத் திறந்து கேக்கக்கூட வேணாம், காலண்டரப் பாத்தாலே எனக்கு வேர்க்கும். வர்ற ஞாயித்துக்கிழமை போயே ஆகணும்னு சொல்லிட்டாங்க. ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் அவ. ரெண்டு பேரையும் ஒண்ணா என்னால காப்பாத்த முடியல டாக்டர்.

என்ன? வளருமா? நெஜமாவா. எலிக்கு முடி எல்லா நேரமும் வளராதா? ஒரு சுத்து வளரும், அப்புறம் வாரக்கணக்கா சும்மா கிடக்கும், மறுபடி எழும்பும். ஓகோ. தூங்கற சமயத்துல வெட்டியிருக்கா, அதான் அப்படியே நிக்குது. முழிக்கும்போது சேர்ந்தாப்புல வந்துடும். அப்ப மருந்தே வேணாம், இது நல்லா இருக்கு. மனுசங்களுக்கு இப்படி இல்ல, ஒவ்வொரு முடியும் அது அது பாட்டுக்கு வளரும், மொட்டை போட்டா அடுத்த வாரமே குத்த ஆரம்பிச்சுடும். ஆமா, அது எனக்கே தெரியுமே. தெரிஞ்சும் அந்தப் பிள்ளைகிட்ட அத நான் சொல்லவே இல்ல பாருங்க. அது கேக்கல, நானும் சொல்லல.

சிரிக்கல டாக்டர், அழுகையும் இல்ல, என்னமோ வருது. இத நேத்தே வந்து கேட்டிருக்கணும்.

இல்ல, ஞாயித்துக்கிழமை இல்ல. அது முடிஞ்சுபோச்சு. காலையிலயே நம்பர் ஒன் டோல்கேட்ல பஸ் மாறி சமயபுரம் போயிட்டு, அங்கேர்ந்துதான் நேரா இங்க மன்னார்புரத்துக்கு வரேன். மிளகு டப்பாவ செருப்பு விடுற இடத்துல இருந்த அம்மாகிட்ட குடுத்துட்டு உள்ள போனேன், பலகாரம்னு சொல்லி வச்சேன். கனிஷ்காவ எங்க கூட்டிப் போறது, அவ ஸ்கூல்ல இருக்கா. முந்தானைய ஏன் இப்படி இழுத்து விட்டிருக்கேன்னுதானே வந்ததுலேர்ந்து பாக்கறீங்க. வெயிலுக்கு இல்ல. இந்தா பாருங்க.

உக்காந்ததும் யாருக்கு வேண்டுதல்னு கேட்டாரு முடி எடுக்கறவரு. பொண்ணுக்குன்னேன். பொண்ணு எங்கன்னு கேட்டுட்டு, நான் தலையக் குனிஞ்சதும் அவர் தண்ணி தெளிச்சாரு. அவ பேரச் சொல்லிக்கிட்டே என் தலையக் குடுத்துட்டு வந்துட்டேன். அவளோடதத் தரேன்னுட்டு என்னோடதக் குடுத்தா ஆத்தா ஏத்துக்குவாளா டாக்டர், இல்ல ஏமாத்திட்டான்னு கோவிச்சுக்குவாளா. உங்களுக்கு எப்படித் தெரியும், நான் ஒரு பைத்தியம்.

போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, வீட்டுலேர்ந்து அவர்தான், எடுக்கத்தான் கை வரல. காலையிலேர்ந்து எங்க போனேன்னு தெரியாம இருப்பாரு. இப்ப நான் போயி நின்னதும், யாரக் கேட்டுடி மொட்டை போட்டேன்னு அவர் கட்டில்லேர்ந்து எழுந்து வந்து திட்டணும் டாக்டர். தெரு பூரா கேக்கற மாதிரி, மூச்சு வாங்காம திட்டணும். அந்தத் தெம்பு அவருக்கு இருந்தா எனக்குப் போதும்.