வாபஸ் வாங்காத வார்த்தை

— ஒருத்தனும் சிரிக்கலக்கா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்...

— மெதுவாப் பேசு, அம்மா முழிச்சிடுவாங்க. யாருடா சிரிக்கல?

— கிரவுண்ட்ல இருந்த எல்லாரும். நெட்டையனும்தான்.

— எதிர் பிளாக்ல வேற பாஷ பேசுற வீட்டு நெட்டையனா? உங்க டீமுக்கு கோல் கீப்பர்னு நின்னு எல்லா பந்தையும் விடுவானே...

— இன்னிக்கும் விட்டான். கடுப்புல, "செத்துத் தொலைடா"ன்னு கத்திட்டேன். அவன் பாஷையிலயே.

— இவ்ளோதானா? அம்மா நம்மள தினமும் சொல்றாங்க. சோறு போட்டுக்கிட்டே சொல்றாங்க!

— அதான்க்கா நானும் நெனச்சேன்! அவனும் அவங்கண்ணனுங்களும் கெட்ட வார்த்தை பேசுறத நீ கேக்கணும். உடம்புல ஒரு இடம் பாக்கி விடமாட்டானுங்க. அவங்கம்மா முன்னாடியே பேசுறானுங்க, அவங்களும் சிரிக்கிறாங்க. அதுல ஒண்ண நான் இங்க சொன்னா...

— அப்பா தோல உரிச்சிடுவாரு. சரி, அப்புறம்?

— முகம் அப்படியே வெளுத்துப் போச்சு அவனுக்கு. கிட்ட வந்து, "வாபஸ் வாங்கு"ன்னான்.

— வாங்க வேண்டியதுதானே?

— சும்மா விளையாடுறான்னு நெனச்சு... இன்னொரு தடவ சொன்னேன்.

— அட மடையா!

— அவங்க ஆளுங்க எல்லாரும் அவன விட்டு ஒதுங்கிட்டாங்கக்கா. அவன் மட்டும் கோல் போஸ்ட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் ஓடி வந்துட்டேன். சாயங்காலம் பெல் அடிச்சப்போ கட்டிலுக்கு அடியில போயிட்டேன், தெரியுமா? அவங்கண்ணனுங்க அடிக்க வந்துட்டானுங்கன்னு...

— பார்சல்காரர்னு சொன்னேன்ல.

— பார்சல எங்கயும் காணோமே?

— தூங்குடா.

— மூஞ்சியத் திருப்பாத. யாருக்கா வந்தது?

— ...அவங்கம்மா.

— ஐயோ! அப்பாகிட்ட சொல்லிட்டாங்களா?

— இல்லடா. அழுதாங்க. அவங்க ஆளுங்க ஒருத்தரப் பாத்து சாவுங்கிற பேச்சையே எடுக்க மாட்டாங்களாம். எடுத்தா, சாவு அந்த ஆளு பின்னாடியே வீட்டுக்குள்ள வந்துடுமாம். சொன்னவனே அதே இடத்துக்கு வந்து வாபஸ் வாங்கணுமாம். அதுவரைக்கும் நெட்டையன் வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேங்கிறானாம்... கைக்குழந்த இருக்குல்ல அங்க.

— என்னக் கூப்பிட வந்தாங்களா? ஏன்க்கா சொல்லல?

— உன்ன வெளிய வரவச்சு அடிக்கத்தான் கூப்பிடுறாங்கன்னு பயந்துட்டேன்டா. நீ ஊருக்கு பஸ் ஏறிட்ட, எப்ப வருவன்னு தெரியாதுன்னு... சொல்லிட்டேன். அவன்கிட்ட அதையே போய்ச் சொல்லியிருப்பாங்க.

— அக்கா, இங்க வா... ஜன்னல்ல பாரு. அவங்க வீட்டு லைட்டு இன்னும் எரியுது. அவங்கம்மா வாசல்லயே நிக்கிறாங்க. ஆனா கோல் போஸ்ட் கிட்ட யாருமே இல்ல... வீட்டுக்கும் போகாம எங்கக்கா போயிருப்பான்... என்னத் தேடி பஸ் ஏறிட்டானா?