ழகரத்தின் நீண்ட வால்

வளைவுகளை வசப்படுத்திய வரைகலை வல்லுநரே! கோடு கோணாத கைக்கும் கூர்மை குன்றாத கண்ணுக்கும் சொந்தக்காரரே! முப்பத்தோராண்டு இந்த அழைப்பிதழ் அச்சகத்தில் அமர்ந்திருந்த அதே நாற்காலியிலிருந்து இன்று எழுந்து செல்லும் எங்கள் சுருளக்காவே! வணக்கம்.

எழுத்துக்கெல்லாம் சுருள் வைப்பதால் வந்த இந்தப் பட்டப்பெயரை இத்தனை நாளும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிவந்தோம். இன்று முகத்துக்கு நேரே சொல்கிறோம், பொறுத்தருள்க!

நீங்கள் படைத்த அலங்கார எழுத்து பூக்காத திருமண அழைப்பிதழ் இவ்வூரில் அரிது. ஒவ்வோர் எழுத்தையும் பென்சிலால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, ஈராண்டு எடுத்துக்கொண்டீர்கள். தலைப்புக்கும் பெயர்களுக்கும் மட்டுமே அதைத் தருவீர்கள். மண்டப முகவரியையும் அதிலேயே போடச் சொன்னால், "கல்யாண நகையெல்லாம் போட்டுக்கிட்டு யாராவது பாத்திரம் தேய்ப்பாங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அதற்கு அஞ்சியே இம்மடலிலும் தலைப்பு மட்டும் உங்கள் எழுத்தில். மற்றதெல்லாம் சாதா எழுத்தில்.

புகழ்மாலை இத்துடன் நிற்கட்டும். பத்தொன்பது ஆண்டுகளாக உங்கள் பெயரில் ஒரு பிழை நிற்கிறது. முதலாளியின் முன்னிலையில் அதை நீக்காமல் உங்களை வழியனுப்ப எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பின் கடைசி ழகரத்துக்கு நீங்கள் அளவாகத்தான் வால் வைத்திருந்தீர்கள். அச்சுக்கு முந்தைய புரூஃபில் நீங்கள் கையெழுத்திட்ட பிறகு, கீழே வெற்றிடம் கண்ணை உறுத்துகிறதென்று, சேர்ந்து மூன்று மாதமே ஆன பிழைதிருத்துநர் யாரையும் கேட்காமல் அதை நீட்டிவிட்டார். வால் இறங்கி, மணமகளின் பெயருக்குக் குறுக்கே விழுந்தது. ஆயிரம் அட்டை அச்சாகிப் போன பின் பெண்ணின் தகப்பனார் வந்து நின்றார்.

"எம்பொண்ணு பேர அடிச்சில்ல வச்சிருக்கீங்க!"

யார் செய்தது என்று முதலாளி கேட்கும் முன்பே, "என் கைதான் சார்" என்றீர்கள். பிறகு, தாள் அடுக்கும் அறைக்குள் ஒளிந்துகொண்ட பிழைதிருத்துநரிடம், "உனக்கு வேலையே போயிடும்ப்பா. எனக்கு ரெண்டு திட்டு விழும், அவ்வளவுதானே" என்றீர்கள்.

அந்தக் கணிப்பு தப்பிப்போயிற்று, அக்கா. அடுத்த மாதம் உங்களுக்கு வரவேண்டிய தலைமை வரைவாளர் பதவி வெளியாளுக்குப் போனது. நீங்கள் வாய் திறக்கவில்லை. பிழைதிருத்துநரும் திறக்கவில்லை. அப்போது அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது உண்மை. அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறது என்பதும் உண்மை. நடந்ததைப் போன வாரம்தான் எங்களிடம் சொன்னார்.

நலமே நிறைந்து, நடை தளராது, நினைத்த நேரம் எழுந்து, நினைத்ததை மட்டும் வரைந்து, நூறாண்டு கடந்தும் நீவிர் வாழ்க! இது எங்கள் அனைவரின் வாழ்த்து.

எஞ்சிய வரிகள் ஒருவருடையவை. முதலாளி அவர்களே! அந்த வாலை இழுத்தவன், இம்மடலை இங்கே நின்று வாசித்துக்கொண்டிருக்கும் நான். பிழை என்னுடையது. அந்தப் பதவி அக்காவுடையது.

மன்னித்துவிட்டேன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள், அக்கா. முதலில் ஒரு தடவையாவது என்மேல் கோபப்படுங்கள்.

இங்ஙனம்,
வரைவுப் பிரிவு, அச்சுப் பிரிவு, வெட்டும் பிரிவுத் தோழர்கள்,
மற்றும் பிழைதிருத்துநர்